மூக்கரின் முதல் மூச்சு

நம் மொழியில் மூக்குக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. வேண்டாத இடத்தில் நுழைவது அது. அறுபடுவது, உடைபடுவது எல்லாம் அது. கோபம் வந்தால் வாடகை இல்லாமல் குடியேறுவதும் அதன் நுனியில்தான். அப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு ஒருவர் கௌரவமாகக் குடும்பம் நடத்தினார். ஊரில் அவரை மூக்கர் என்றார்கள். பார்வைக்கு அது ஒன்றும் பெரிய மூக்கு இல்லை. அவசரத்தில் ஒட்டிய சின்ன உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்.

அவருடைய தொழிலைப் பற்றி விருந்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்க மாட்டார்கள். வீட்டுக்குள் ஒருவர் இறந்து, அது வெளியே தெரியச் சில நாளாகி, பிறகு போலீசும் ஆம்புலன்சும் வந்து எடுத்துப்போன பின்னால், அந்த அறையைத் திரும்ப அறையாக்கித் தருவது. அல்லது விபத்து நடந்து ரத்தம் சிந்திய கூடத்தைக் கழுவித் தருவது. ஆளை எடுத்துப்போக ஆள் இருக்கிறது. தரையை என்ன செய்வது என்று கேட்டால் எல்லா இலாகாவும் கூரையைப் பார்க்கும். அந்தத் தரைதான் மூக்கருக்குச் சோறு போட்டது.

தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு மெத்தையால்தான். இளவயதில் மெத்தைக் கடையில் வண்டி ஓட்டினார். ஒரு வீட்டில் புது மெத்தையை இறக்கியபோது, ஆள் இறந்துகிடந்த பழையதை எடுத்துப்போகச் சொல்லிவிட்டு வீட்டார் எல்லோரும் வாசலுக்கு வெளியே போய் வரிசையாக நின்றார்கள். இவர் உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டு வந்து, “மெத்தையில மட்டும் இல்லீங்க, கீழ தரையிலயும் இருக்கு. ஒரு பக்கெட் குடுங்க” என்றார். அன்றைக்கு அந்த வீட்டார் அவரைக் கும்பிட்ட கும்பிடு இருக்கிறதே, மெத்தை விற்றதற்கு யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை. கும்பிட்டார்களே தவிர, கைகுலுக்கவில்லை. அதுவும் பழகிவிட்டது.

கூட்டாளி, மனைவியின் தம்பி. முகமூடிக்குள்ளும் வாடை வருகிறது என்று மூக்குக்குக் கீழே தைலத்தைக் குழைத்து அப்பிக்கொள்வார்; அதனால் அவர் பெயரே தைலம் ஆகிவிட்டது. தூக்குவது, அறுப்பது, பெயர்ப்பது, வாடிக்கையாளரிடம் இனிக்க இனிக்கப் பேசுவது எல்லாம் தைலம். முடிந்ததா இல்லையா என்று சொல்வது மட்டும் மூக்கர்.

அந்தத் தீர்ப்புக்கு ஒரு முறை வைத்திருந்தார். இந்தத் தொழிலில் கண் ஒரு பொய்சாட்சி. தரை கண்ணாடியாய் மின்னும். இடுக்கில் சங்கதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே எல்லாம் கழுவித் துடைத்த பிறகு கதவு ஜன்னலை இறுகச் சாத்தி, இரவெல்லாம் விட்டுவிடுவார். காலையில் காபிகூடக் குடிக்காமல் வந்து, முகமூடி இல்லாமல் கதவைத் திறந்து, ஒரு மூச்சு. அந்த முதல் மூச்சுதான் செல்லும். இரண்டாவது மூச்சு கொஞ்சம் சமாதானமாகியிருக்கும். மூன்றாவது, கட்சியே மாறியிருக்கும். முதல் மூச்சை இழுத்து நிறுத்தி, “சுத்தம்” என்பார். அல்லது, “இன்னும் இருக்கு மாப்ள” என்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் மேல்முறையீடு கிடையாது.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. நாலைந்து நாள் படுத்தி எடுத்துவிட்டு, போகிற போக்கில் வாசனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

அவருக்கே அது அடுப்படியில்தான் தெரிந்தது. பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, புகை கூடம்வரை வந்தது. பக்கத்திலேயே மோடாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் மூக்கர். மனைவி ஓடி வந்தார்.

“தெருவே கருகல் வாசனை அடிக்குது. பக்கத்துலயே உக்காந்துகிட்டு பேப்பர் படிக்கிறீங்களே, உங்க மூக்கு என்ன லீவுல இருக்கா?”

“நாள் பூரா மோந்து பாக்கறதுதான் என் பொழப்பு. வீட்லயும் அதையே செய்யணுமா?”

“ஆமா, ஊருக்கெல்லாம் மோந்து பாருங்க. வீட்டுக்கு மட்டும் மூக்கை மூடிக்குங்க.”

சிரித்துச் சமாளித்துவிட்டார். ஆனால் அன்று கை கழுவும்போது சோப்பை மூக்கருகில் கொண்டுபோனார். ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய்த் துணியை மோந்தார். ஒன்றுமில்லை. கருகிய பாத்திரத்துக்குள் முகத்தையே விட்டார். மூக்கில் கரி ஒட்டியதுதான் மிச்சம்.

டாக்டர் கைவிளக்கு அடித்து இரண்டு துவாரத்தையும் எட்டிப் பார்த்தார். “வரும். சில பேருக்கு வர்றதில்ல” என்றார். தினமும் எலுமிச்சை, கிராம்பு, காபித்தூள் மூன்றையும் மாற்றி மாற்றி மோந்து பழகச் சொன்னார். மூக்கர் மூன்றையும் வண்டியின் முன்பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். ஒருநாள் தைலம் பார்த்துவிட்டார்.

“என்ன மாமா, எலுமிச்சம்பழத்துகிட்ட ரகசியம் பேசறீங்க?”

“வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு மாப்ள.”

இத்தனை வருடத்தில் எந்த அறையிலும் வாந்தி எடுக்காத மனிதர். தைலம் ஒரு நொடி பார்த்துவிட்டு முன்பெட்டியை மூடினார். மைத்துனரிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தெரியும், என்ன குறையும் என்று. மூக்கைக் கழித்துவிட்டால் அவர், முழங்கால் வலியோடு தரை துடைக்கும் ஒரு ஐம்பது வயதுக்காரர். அவ்வளவுதான்.

காய்ச்சலுக்குப் பிறகு வந்தவை நல்லவேளையாகச் சின்ன வேலைகள். ஏணியிலிருந்து விழுந்தவரின் கூடம், கண்ணாடி உடைந்து கை கிழிந்தவரின் குளியலறை. ரத்தம் நேர்மையான எதிரி, கண்ணெதிரே நிற்கும். அதற்குக் கண் போதும். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், இதுவும் ரத்தமாகவே இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்கிற நிலைக்கு மூக்கர் வந்திருந்தார். இந்த வேண்டுதல் எந்தக் கடவுளையும் குழப்பியிருக்கும்.

அடுத்த போன் ஒரு மகளிடமிருந்து வந்தது. நாற்பது வயதுக் குரல். வேறு ஊரில் வேலை. அப்பா தனியாக இருந்தவர், படுக்கையிலேயே போய்விட்டார். எதிர்வீட்டுக்கு வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. தைலம் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

“அண்ணே, அந்த ரூமை நான் இன்னும் பாக்கல. ஆஸ்பத்திரியிலதான் பாத்தேன், அதுவும் மூடிக் கட்டித்தான் குடுத்தாங்க.”

“நீங்க எதையும் பாக்க வேணாம்க்கா. எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்” என்றார் தைலம்.

“இனிமே நான் அந்த வீட்லதான் இருக்கப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் கதவைத் தொறக்கும்போது அது வரக் கூடாது. ஒரு தடவ மூக்குல ஏறிட்டா அப்புறம் போகவே போகாதாமே. அப்பான்னு நினைச்சாலே அதுதான் வருமாமே. நெசமா?”

தைலம் மூக்கரைப் பார்த்தார். நிஜம் என்று மூக்கருக்குத் தெரியும். அப்படி ஆனவர்களை அவர் பார்த்திருக்கிறார். அம்மாவின் படத்தைக்கூட மாட்டி வைக்க முடியாமல் பீரோவுக்குள் வைத்தவர்கள்.

“அதெல்லாம் வராதுக்கா. எங்க மாமா மூக்கு கம்ப்யூட்டர். அவர் சுத்தம்னு சொன்னப்புறம் நீங்க கிளம்பினா போதும்.”

கம்ப்யூட்டர் அந்த நேரம் சட்டைப் பையில் கிராம்பைத் தேடிக்கொண்டிருந்தது.

வேலையில் குறை வைக்கவில்லை. சொல்லப்போனால் பயத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே செய்தார். முழு உடுப்பு, இரண்டு அடுக்குக் கையுறை, மணிக்கட்டில் ஒட்டுப்பட்டை. மெத்தையைத் துண்டு துண்டாக அறுத்து மஞ்சள் நிறக் கழிவுப் பைகளில் கட்டி இறக்கினார்கள். கட்டில் போனது, திரைச்சீலை போனது. கட்டில் இருந்த இடத்தில் டைல்ஸைப் பெயர்த்து, அடியில் சிமென்ட்டைச் சுரண்டி, மருந்தடித்து, ஊற வைத்து, துடைத்து, மறுபடியும் அடித்தார்கள். சுவரில் ஆள் உயரத்துக்குத் தேய்த்தாயிற்று. மருந்தை மூன்றாம் முறையும் அடிக்க வந்தவரைத் தைலம்தான் தடுத்தார்.

“மாமா, இனிமே அடிச்சா செவுரு மயக்கம் போட்டு விழுந்துடும்.”

சாத்திவிட்டுப் போனார்கள். அன்றிரவு மூக்கர் தூங்கவில்லை. காலையில் வந்து கதவின் முன் நின்றார். திறந்தார். இழுத்தார். தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தால் வெறும் காற்று வருமே, அப்படி வந்தது. இருக்கிறதா இல்லையா, தேன் வழிகிறதா நரகம் திறந்திருக்கிறதா, எதுவும் தெரியவில்லை.

“என்ன மாமா?”

இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இத்தனை வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“சுத்தம்.”

தைலம் அந்த நிமிடமே போனை எடுத்து, “கிளம்புங்கக்கா, மாமா சொல்லிட்டாரு” என்றார்.

அதன்பிறகு மூக்கர் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. அந்தப் பெண் வண்டி ஏறியாயிற்று. வந்து கதவைத் திறப்பதற்குள் இந்த உலகத்தில் நம்பகமான ஒரு மூக்கைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதலில் ஈயை நம்பினார். வாடை எங்கே இருந்தாலும் ஈக்குத் தெரியும். ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஒரு ஈ வந்தது. அறையை ஒரு சுற்றுச் சுற்றியது. மூக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். அது நேராகப் போய்த் தைலத்தின் தோளில் உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டது.

அடுத்து வாட்ச்மேன். குழாய் ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று பொய் சொல்லி மேலே கூட்டிவந்து, அந்த அறை வழியாக நடத்தி, முகத்தையே உற்றுப் பார்த்தார். வாட்ச்மேன் ஆழமாக இழுத்து, “ஜோரா இருக்கு சார், பெயின்ட் அடிச்சீங்களா?” என்றார். பெயின்ட் டப்பாவே அந்த வீட்டுக்குள் வரவில்லை. அவர் வாயிலிருந்த சிகரெட் நெடியில் பக்கத்தில் எருமையே செத்துக் கிடந்தாலும் தெரிந்திருக்காது.

கடைசியில் எதிர்வீட்டம்மா. எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்தவரே அவர்தான். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கதவை ஒரு சாண் திறந்தார்.

“இன்னும் அடிக்குதுங்க.”

எப்படியோ ஒரு துப்பு கிடைத்ததே என்று மூக்கர் கிட்டே போனார். “எந்தப் பக்கம்மா அடிக்குது?”

“எல்லாப் பக்கமும்தான். நேத்து டிவி பாத்துக்கிட்டிருந்தேன், டிவில இருந்து வந்துச்சு.”

வேறு வழியில்லாமல் சொந்தத்திடமே வந்தார். “மாப்ள, நீயும் ஒரு தடவ மோந்து பாரேன். தைலத்தைத் தொடச்சிட்டு.”

“எதுக்கு மாமா? நீங்க பாத்த எடத்துல நான் எதுக்கு?”

“பாருன்னா பாரு.”

தைலம் துடைத்துக்கொண்டு உள்ளே போய் வந்தார். “தைல வாசனைதான் வருது. எனக்கு எங்க போனாலும் அதான் மாமா, உள்ள ஊறிப்போச்சு. சோறு, சோப்பு எல்லாமே எனக்குத் தைலம்தான். எங்க அக்கா சமையலுக்கு அது ஒரு வகையில நல்லதுன்னு வெச்சுக்குங்க.”

ஆக, அந்த நிறுவனத்தின் மொத்த சொத்தில் மூக்கு என்று கணக்கெடுத்தால் நாலு ஓட்டைதான் தேறியது.

அவள் வந்துவிட்டாள். கையில் ஒரே ஒரு பை. தூங்காத முகம். படியேறி வந்த மூச்சு வாங்கலோடு, “ரொம்ப நன்றி அண்ணே. நீங்க சொல்லலன்னா வந்திருக்கவே மாட்டேன். பஸ்ஸுல வர்றப்போ பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன், அவர் சொல்லிட்டார், அவர் சொல்லிட்டார்னு” என்றாள். நேராக அந்த அறைக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்தாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் மூக்கருக்குத் தாங்கவில்லை.

“அம்மா, தொறக்காதீங்க.”

அவள் திரும்பினாள்.

“எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சல் வந்ததுல இருந்து எதுவும் தெரியல. உள்ள இருக்கா இல்லையான்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.”

தைலம் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

“அப்ப எதை வெச்சு சுத்தம்னு சொன்னீங்க?” என்று கேட்டாள் அவள். குரல் உயரவில்லை, அது உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வாயை வெச்சு” என்றார் மூக்கர்.

தைலம் மெதுவாக, “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் மாமா” என்றார். அதில் கோபம் இல்லாததுதான் மூக்கருக்கு உறைத்தது.

“நீங்க கீழ போய் இருங்கம்மா. நான் யாரையாவது கூட்டிட்டு வந்து பாக்கறேன்.”

“யாரை?”

கைவசம் இருந்த மூக்குகளையெல்லாம் காலையிலேயே செலவழித்துவிட்டாரே.

அவள் கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போய்விடுவாள் என்று தைலம் நினைத்தார். பையைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“இருந்தா, எப்படி இருக்கும்?”

“மொதல்ல லேசா இனிப்பா வரும். பழம் அழுகின மாதிரி. அதான் ஏமாத்தும். பின்னாடிதான் மத்தது வரும். வேணாம்மா, சொல்றதைக் கேளுங்க. ஏறினா எறங்காது.”

“எங்கப்பாதானே” என்று எழுந்தாள். “நாலு நாள் அவர் தனியா கெடந்தாரு. ஒரு நிமிஷம் என்னால மோந்து பாக்க முடியாதா.”

முகமூடியை நீட்டினார் தைலம். வாங்கவில்லை. முதல் மூச்சைப் பற்றி மூக்கர் அவசர அவசரமாகச் சொன்னார்: ஒன்றுதான், ஆழமாக, இழுத்ததும் நிறுத்திவிட வேண்டும். அவள் கதவைத் திறந்தாள். தோள் மேலேறி நின்றது. மூக்கர் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஆயுளில் எந்த மூச்சுக்கும் அவர் அப்படிப் பயந்ததில்லை.

“இருக்கு” என்றாள்.

அவள் உடனே வெளியே ஓடி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. மூக்கர் பக்கத்தில் நெருங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவித்தார். ஆனால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

“எங்கன்னு பாக்கணும்ல.”

கட்டில் இருந்த இடத்தில் நின்றாள். இல்லை என்றாள். ஜன்னல் பக்கம் போனாள். இல்லை. இரண்டாம் மூச்சு மூன்றாம் மூச்சு சமாதானமாகிவிடாமல் இருக்க, மூக்கர் அவளை அடிக்கடி வாசலுக்கு அனுப்பி, வெளிக்காற்று வாங்கவைத்துத் திரும்பக் கூட்டிவந்தார். கடைசியில் மண்டியிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, எதிர்மூலையில் பதித்திருந்த மர அலமாரியின் அடிப்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இங்க.”

“கட்டில் அங்க. இங்க எப்படிம்மா வரும்?”

“இந்த ரூம்ல எது விழுந்தாலும் அலமாரிக்கு அடியிலதான் போய் நிக்கும் அண்ணே. தரை சாய்வு. சின்ன வயசுல என் பென்சில் எல்லாம் இதுக்கடியிலதான் கெடக்கும். அப்பா ஸ்கேலை விட்டு எடுத்துக் குடுப்பாரு.”

மூக்கர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வேறு யாராக இருந்தாலும் தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருப்பார்கள். இத்தனை வருடமாக அவருக்கு அந்தத் தேவையே வந்ததில்லை. மூக்கு நேராக இழுத்துப்போய் நிறுத்திவிடும். மூக்கு போனபோது தண்ணீர் விட்டுப் பார்க்கவேண்டும் என்கிற புத்தி வரவில்லை. டைல்ஸுக்கு அடியிலேயே, கண்ணில் படாமல், உடலிலிருந்து வடிந்தது சாய்வு பார்த்து நடந்து போயிருக்கிறது.

அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றினார்கள். அந்த வரிசை முழுக்க டைல்ஸைப் பெயர்த்தார்கள். அவள் கூடத்தில் போய் உட்காரவில்லை. முகமூடி மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, அவ்வப்போது அதைக் கழற்றி, “இன்னும் இருக்கு”, “அந்த ஓரம்”, “இப்ப கொறஞ்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்ன இடத்தில் மூக்கர் சுரண்டினார். தைலம் பைகளைக் கட்டினார். யாரும் யாரையும் திட்டவில்லை.

சாத்தும்போது மூக்கர் கேட்டார். “ஏறிடுச்சாம்மா?”

“ஏறிடுச்சு.”

“என்னால வந்தது.”

“அப்பாவோட வாசனையும்தான் எனக்கு நெனப்பிருக்கு. சோப்பு, மாத்திரை, அவரோட பழைய ஸ்வெட்டர். ரெண்டும் உள்ள சண்டை போட்டுக்கட்டும். எது ஜெயிக்குதுன்னு பாப்போம்.”

மறுநாள் காலை மூவரும் காபி குடிக்காமல் வந்தார்கள். கதவருகே போனது அவள்தான். மூக்கர் பின்னால் நின்றார். கால் அவரையும் அறியாமல் முன்னே போனது, இழுத்துக்கொண்டார்.

அவள் திறந்தாள். உள்ளே ஒரு அடி வைத்தாள். இழுத்தாள். நின்றாள். இவ்வளவு நேரம் ஏன் நிற்கிறாள் என்று தைலம் மூக்கரைப் பார்த்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா, லேசாக்கூட இல்லையா? இனிப்பா?”

“எதுவுமே இல்ல அண்ணே. அது இல்ல.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். “அப்பாவும் இல்ல. வெறும் ரூமா இருக்கு.”

மூக்கர் அவளைத் தாண்டிப் போய் அறையின் நடுவில் நின்றார். பழைய வழக்கப்படி கண்ணை மூடி, ஒரே ஒரு மூச்சு, ஆழமாக இழுத்து நிறுத்தினார்.

“எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு” என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போய் ஜன்னலைத் திறந்தாள்.